சூப்பர் ஹீரோவுக்கு ஆரிஜின் கதை இனி வேண்டாமா?

27 ஜூலை 2025, ஞாயிறு

ஓசூர் வாசகர் ஒருவர் கேட்டது: "இந்த மாதம் வந்த சூப்பர்மேன், ஃபென்டாஸ்டிக் ஃபோர் இரண்டிலும் ஆரிஜின் கதையே கிடையாது. ஒன்றில் திரையில் சில வரி எழுத்து, இன்னொன்றில் ஒரு டிவி நிகழ்ச்சி. அதோடு முடிந்தது. தியேட்டரில் யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. அப்படியானால் 2008-லிருந்து மார்வெல்காரர்கள் ஆளுக்கொரு படம் எடுத்து 'இவனுக்குச் சக்தி இப்படித்தான் வந்தது' என்று சொன்னதெல்லாம் எதற்கு?"

(கீழே எல்லாப் படங்களின் முடிவும் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

சக்தி எப்படி வந்தது என்பது ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற சங்கதிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். 2008-இல் வந்த ஹல்க் படம் அதை டைட்டில் ஓடும்போதே முடித்துவிட்டது. ஆனால் ஆரிஜின் என்றால் அது மட்டும்தானா? அயர்ன் மேன் முதல் படத்தில் எனக்கு நினைவில் நிற்பது மார்பில் ஒளிரும் கருவி இல்லை, யின்சென். டோனி ஸ்டார்க்கின் உயிரைக் காப்பாற்றிய டாக்டர். அடைபட்ட குகையிலிருந்து டோனி தப்பிக்க நேரம் வேண்டும் என்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடிச் செத்துப்போகிறவர். டோனியின் நெஞ்சைத் துளைத்த குண்டுச்சில்லு டோனியின் கம்பெனியே செய்தது. அந்தக் குகையில் அவனுக்குக் கிடைத்தது ஒரு கவசம், கூடவே ஒரு கடன். அந்தக் கடன்தான் ஆரிஜின். அதை டிவி நிகழ்ச்சியில் சொல்லிவிட முடியாது.

27 ஜூலை, இரவு

சாப்பிட்டுவிட்டு வந்து மேலே எழுதியதைப் படித்தேன். இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே உலகத்தில் பல ஹீரோக்கள் இருக்கும்போது, ஒருவனுடைய ஆரிஜினில் இன்னொருவனுடைய கை இருக்கிறது. டோனி ஒருவனை மட்டும் எடுத்துப் பாருங்கள். இரண்டாம் படத்து வில்லன் வான்கோ, டோனியின் அப்பாவோடு வேலை செய்து நாடு கடத்தப்பட்டவரின் மகன். மூன்றாம் படத்து கில்லியன், 1999 புத்தாண்டு இரவில் பெர்ன் நகரத்தில் டோனிக்காக மொட்டை மாடியில் காத்திருந்து ஏமாந்தவன். ஸ்பைடர்மேனோடு மோதும் டூம்ஸ், சிதைந்த நியூயார்க்கைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத்தை, ஸ்டார்க் பங்குபோட்ட ஒரு புது அமைப்பு பறித்ததால் திருட ஆரம்பித்தவர். மந்திர சக்தி கொண்ட வாண்டாவின் வீட்டில் விழுந்த குண்டில் ஸ்டார்க் பெயர் இருந்தது. இத்தனை பேருடைய தொடக்கமும் ஒரே மனிதனின் அலட்சியத்திலிருந்து கிளைத்தது.

அந்த பெர்ன் நகரத்து இரவைப் பற்றி இன்னொன்று. 2008 படத்தில் யின்சென், "நாம் ஏற்கெனவே பெர்னில் சந்தித்திருக்கிறோம், உங்களுக்கு நினைவிருக்காது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்வார். 2013-இல் மூன்றாம் படம் அந்தச் சந்திப்பையே காட்டியது. தன்னைக் காப்பாற்றப் போகிறவரை டோனி அன்றைக்குக் கண்டுகொள்ளவே இல்லை. இதைக் கவனித்த நாள் முதல் எனக்கு அந்தக் குகைக் காட்சி இன்னும் கனமாகிவிட்டது.

28 ஜூலை

"ஸ்பைடர்மேனுக்கு ஆரிஜினே காட்டவில்லையே, 2016-இல் நேராக வந்து குதித்தானே, ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்களே" என்று காவேரிப்பட்டணம் தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி.

சிலந்தி கடித்தது காட்டப்படவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. 2002-லும் 2012-லும் வேறு வேறு படங்களில் உலகமே பார்த்துவிட்டது. ஆனால் பென் சித்தப்பாவையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். முதல் காமிக்ஸ் வந்தது 1962 ஆகஸ்ட். அதில் பீட்டர் தடுத்திருக்கக் கூடிய ஒரு திருடனைத் தடுக்காமல் விடுகிறான், அதே திருடன் கையில் சித்தப்பா சாகிறார். அந்த மரணம் இல்லாமல் பீட்டருக்கு எது முதுகெலும்பு? டோனி கொடுத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு அவர் சொல்லுக்காகக் காத்திருக்கிற பையனாக அவன் இரண்டு படம் ஓட்டினான். 2021-இல் மூன்றாம் படத்தில் மே சித்தி சாகும்போது, சக்தியோடு பொறுப்பும் வரும் என்ற பேச்சை அவர் வாயால் சொல்ல வைத்தார்கள். கடைசியில் எல்லோரும் அவனை மறந்துபோக, தனி அறையில் தானே உடுப்புத் தைக்கிறான். அங்கேதான் அவனுடைய ஆரிஜின் முடிகிறது. தம்பி இல்லை என்று சொல்லும் ஆரிஜினுக்கு அவர்கள் ஐந்து வருடம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

30 ஜூலை

ஒரு அண்ணன், "நாங்கள் லயன் காமிக்ஸில் ஸ்பைடர்மேன் படித்தபோது அவனுக்குச் சித்தப்பா சித்தி யாரும் இல்லை" என்று எழுதியிருக்கிறார். அண்ணே, நீங்கள் படித்தது வேறு ஆள். கூர்மண்டை ஸ்பைடர், இங்கிலாந்தின் லயன் வார இதழில் 1965-இல் வந்தவன். அதில் பெரும்பாலான கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். குற்றங்களுக்கே அரசன் ஆக வேண்டும் என்று கிளம்பி, பிறகு குற்றவாளிகளைப் பிடிக்கும் பக்கம் மாறியவன். எங்கிருந்து வந்தான், யார் பெற்ற பிள்ளை, ஒன்றும் தெரியாது. அதுவே அவனுக்கு அழகு.

இரும்புக்கை மாயாவியை எடுங்கள். 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த முதல் இதழே அவன்தான். பரிசோதனைக்கூட விபத்தில் கை போன லூயிஸ் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை மட்டும் தெரியும், உடம்பு மறையும். மூலக்கதையில் அந்தச் சக்தி வந்ததும் அவன் முதலில் செய்தது குற்றங்கள்தான். எங்கள் வீட்டுப் பரணில் சித்தப்பா கட்டி வைத்திருந்த பழைய இதழ்களில் அட்டை போன மாயாவி ஒன்று இருந்தது. முதல் சில பக்கங்களும் இல்லை. ஆரம்பம் தெரியாமலே அதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன்.

அப்படியானால் ஆரிஜின் தேவையில்லை என்று ஆகிறதே என்பீர்கள். தனியாக ஓடும் ஹீரோவுக்குத் தேவையில்லைதான். மாயாவியும் ஸ்பைடரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. நான் பேசுவது எல்லோரும் ஒரே ஊரில் வாழ்கிற கதையைப் பற்றி. அங்கே ஆரிஜின் இல்லாவிட்டால் உறவு இல்லை, உறவு இல்லாவிட்டால் சண்டைக்கு அர்த்தம் இல்லை.

2 ஆகஸ்ட்

இதை எங்கள் மாமாவிடம்தான் புரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும். பென்னாகரம் பக்கத்துக் கூத்துக்காரர். பதினெட்டு நாள் பாரதம் வைத்தால் கர்ண மோட்சத்து ராத்திரி அவருக்குத்தான் கர்ணன் வேஷம். திரைக்குப் பின்னால் நிற்கிற வேஷத்தைக் கட்டியங்காரன் யார் எவர் என்று கேட்பான். வந்தவர் குலம் கோத்திரம், நாடு நகரம் எல்லாம் சொல்லிப் பாடி ஆடுவார். ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரு சின்ன ஆரிஜின் கதை, விடிய விடிய.

கர்ணன் விஷயம் மட்டும் வேறு. அவன் யார் பெற்ற பிள்ளை என்று கூட்டத்தில் இருக்கிற சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. பொன்னுருவி அவன் பிறப்பைக் குத்திப் பேசும்போது பெண்கள் பக்கம் முணுமுணுப்பு கேட்கும். தெரிந்த ரகசியம் தெரியாதவன் தலையில் எப்போது விழும் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.

பிளாக் பாந்தர் படம் டிவியில் தமிழில் ஓடியபோது மாமா எங்கள் வீட்டில் இருந்தார். 1992-இல் ஓக்லாண்டில் அரசன் டி'சாகா தன் சொந்தத் தம்பியைக் கொல்கிறான். தம்பி மகனை அங்கேயே அனாதையாக விட்டுவிட்டுத் தன் நாடான வக்காண்டாவுக்குத் திரும்புகிறான். அந்தப் பிள்ளைதான் கில்மாங்கர். அவன் வளர்ந்து அரசவையில் வந்து நின்று "நான் யார் என்று கேளுங்கள்" என்கிற கட்டம் வந்ததும் மாமா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "இவன் கர்ணன்டா. இவனைக் கொன்னாலும் ஜெயிச்சவனுக்குத் தூக்கம் வராது" என்றார். படத்தின் முடிவு அவருக்குத் தெரியாது. டி'சாகாவின் மகன் டி'சல்லா ஜெயித்த பிறகு போகிற இடம் அதே ஓக்லாண்ட் கட்டடம்தான்.

2016-இல் வந்த சிவில் வார் படத்திலும் இதே அமைப்புதான். டோனியின் அப்பா அம்மா 1991 டிசம்பர் 16 அன்று விபத்தில் சாகவில்லை, கேப்டன் அமெரிக்காவின் பழைய நண்பன் பக்கி கொன்றான். கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவுக்கு அது தெரியும், டோனிக்குத் தெரியாது. அந்த வீடியோ ஓடும் ஒரு நிமிடத்துக்கு முன்னால் அதுவரை பறந்த பன்னிரண்டு பேர் சண்டையெல்லாம் சின்னதாகிவிடுகிறது. ஸ்டீவின் நண்பன் யார், டோனி அப்பாவை எவ்வளவு வெறுத்தான், எவ்வளவு தேடினான் என்று தனித்தனிப் படங்களில் பார்க்காமல் வந்திருந்தால் அந்த நிமிடம் நமக்குச் சும்மா ஒரு வீடியோ.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

ஒகேனக்கல் பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதுகிறேன், நெரிசல். தருமபுரி ஆசிரியர் ஒருவர், "நம்ம அதியமானுக்கு நெல்லிக்கனி கிடைத்ததும் கேப்டன் அமெரிக்காவின் சூப்பர் சோல்ஜர் மருந்து மாதிரிதானே" என்று கேட்டிருக்கிறார். சார், அருமை. மீதி வீட்டுக்குப் போய்.

3 ஆகஸ்ட், இரவு

அந்தக் கனியைத் தின்றவனுக்கு நீண்ட ஆயுள். அதியமான் நெடுமான் அஞ்சி அதைத் தான் தின்னவில்லை. என்ன பயன் என்பதையும் சொல்லாமல் ஔவைக்குக் கொடுத்துவிட்டான். புறநானூறு 91-ஆம் பாட்டு அதைத்தான் வியக்கிறது. மருந்து யார் உடம்புக்குள் போனது என்பதில் அவன் பெருமை இல்லை.

சூப்பர் சோல்ஜர் மருந்தைச் செய்த டாக்டர் எர்ஸ்கின் ஸ்டீவ் ரோஜர்ஸைத் தேர்ந்தெடுத்த காரணமும் அதற்குப் பக்கத்தில் வருகிறது. பயிற்சி முகாமில் கர்னல் ஒரு வெடிக்காத கையெறி குண்டைத் தூக்கிப் போடுகிறார். எல்லோரும் ஓட, நோஞ்சான் ஸ்டீவ் மட்டும் அதன்மேல் விழுந்து மூடிக்கொள்கிறான். மருந்து ஏறியது அதற்குப் பிறகுதான். அதே மருந்தின் முந்தின வடிவம் ஷ்மிட் உடம்பில் போனபோது ரெட் ஸ்கல் வந்தான். இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்த ஆரிஜின் எது என்று கேட்டால் யோசிக்காமல் இந்தக் குண்டுக் காட்சியைச் சொல்வேன்.

ஆனால் 2021-இல் வந்த ஃபால்கன் அண்ட் தி வின்டர் சோல்ஜர் தொடர் இதற்கு மேல் ஒன்றைச் சொன்னது, அதையும் விடக்கூடாது. ஐசாயா பிராட்லி. கறுப்பினச் சிப்பாய்கள்மீது, அவர்களிடம் உண்மையைச் சொல்லாமல் அந்த மருந்தைச் சோதித்தார்கள். பிழைத்தவரை முப்பது வருடம் சிறையில் வைத்தார்கள். ஸ்டீவின் கேடயம் அவன் நண்பன் சாம் கைக்கு வரும்போது ஸ்டீவின் பெருமை மட்டும் வரவில்லை, ஐசாயாவின் சிறையும் சேர்ந்து வருகிறது. ஸ்டீவின் ஆரிஜின் வெளிவந்து பத்து வருடம் கழித்து அதன் இருட்டுப் பக்கத்தை எழுதியிருக்கிறார்கள். தைரியமான வேலை.

10 ஆகஸ்ட்

இதற்கு நேர் எதிராக நடந்ததும் உண்டு. வாண்டா.

2015 படத்தில் அவளும் அண்ணனும் சொல்வது: பத்து வயது, குண்டு விழுந்து அப்பா அம்மா போய்விட்டார்கள். இரண்டாவது குண்டு வெடிக்கவில்லை. அவளும் இரட்டையராகப் பிறந்த அண்ணன் பியெட்ரோவும் கட்டிலுக்கு அடியில் இரண்டு நாள், அந்தக் குண்டின்மேல் எழுதியிருந்த ஸ்டார்க் என்ற பெயரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்கள். எப்போது வெடிக்கும் என்று தெரியாமல். பிறகு ஹைட்ரா என்ற ரகசியக் கூட்டத்தின் சோதனைக்குத் தாங்களாகவே போனார்கள். வெறுப்பில் எடுத்த முடிவு, தப்பான முடிவு, ஆனால் அவளுடைய முடிவு.

2021-இல் வந்த வாண்டாவிஷன் தொடரில் அகாதா என்ற சூனியக்காரி வந்து, நீ பிறவியிலேயே சூனியக்காரி, அந்தக் குண்டை வெடிக்காமல் வைத்ததே உன் மந்திரமாக இருக்கலாம் என்கிறாள். அந்தத் தொடர் எனக்குப் பிடிக்கும். பழைய சிட்காம் டிவிடி பார்த்துக் குடும்பமாக இங்கிலீஷ் பழகுகிற காட்சியில் தொண்டை அடைத்தது. ஆனாலும் இந்த ஒரு மாற்றத்தை மனம் ஏற்க மறுக்கிறது. இரண்டு நாள் பயம்தான் அவளை உண்டாக்கியது. அந்தக் குண்டு வெடிக்காது என்று உள்ளே எங்கோ ஏற்பாடு ஆகியிருந்தது என்றால், அந்தப் பயத்தின் கூர்மை குறைந்துவிடுகிறது.

என் அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான். "பிறவியிலேயே இருந்தா இன்னும் பவர்ஃபுல் தானே மாமா" என்கிறான். அவனிடம் விவாதித்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

16 ஆகஸ்ட்

நேற்று லீவு. அவனை தருமபுரி அகழ்வைப்பகத்துக்குக் கூட்டிப் போனேன். நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு கையில் வில் அல்லது வாள், சில கல்லில் உடம்பில் தைத்த அம்புகளோடு. தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் வயல் ஓரத்தில், ஏரிக்கரையில் வேடியப்பன் என்று கும்பிடுகிற கல் பலவும் இப்படிப்பட்ட வீரனின் கல்தான்.

கல்வெட்டு ஒரே மாதிரி போகும்: இந்த அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இந்த ஊர் மாட்டு மந்தையைக் கவர்ந்தபோது, மீட்டுச் செத்தான் இன்னார் என்று. அவன் எப்படி வீரன் ஆனான், எங்கே வில் பழகினான், ஒரு வார்த்தை கிடையாது. எதற்காகச் செத்தான் என்பது மட்டும். பையன் படித்துவிட்டு, "இதுல ஆரிஜினே இல்ல, எண்டிங் மட்டும்தான் இருக்கு" என்றான்.

எனக்கு அது பெரிய வார்த்தையாகப் பட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே யோசனை. ஓசூர் நண்பரின் கேள்விக்கு இந்தக் கற்கள் அவர் பக்கம் சாட்சி சொல்கின்றன என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கல்லில் மாடு யாருடையது, யார் கவர்ந்தது, எந்த அரசன் காலம் என்று மறக்காமல் வெட்டியிருக்கிறார்கள். வேறு வேறு ஊர்க் கற்களில் அதே அரசன் பெயர் வரும், அதே சிற்றரசர் குடி வரும். ஒரு ஊரில் மாடு மீட்டவனும் இன்னொரு ஊரில் மாடு கவர்ந்தவனும் ஒரே காலத்து ஆட்கள். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்ற தொடர்பை விடவில்லை. நான் இவ்வளவு நாளாக ஆரிஜின் என்று சொல்லிக்கொண்டிருப்பதும் அந்தத் தொடர்பைத்தான். வில் எங்கே பழகினான் என்பதை விட்டுவிடலாம், மாடு யாருடையது என்பதை விடக்கூடாது.

17 ஆகஸ்ட்

"டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்?" என்று ஒரே வார்த்தையில் கேட்டிருக்கிறார் ஒருவர். என் கணக்கில் அடங்காத ஆள். தானே வேகமாகக் கார் ஓட்டி, தானே போனைப் பார்த்து, தானே கையை நொறுக்கிக்கொண்டவர். வேறு யாருடைய பாவமும் அதில் இல்லை. நல்ல படம், ஆனால் மற்ற ஹீரோக்களோடு அவருக்கு ஒட்டுதல் குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணம் என்று தோன்றுகிறது.

தோர் அடங்குவான். முதல் படத்தில் அகந்தைக்காக அப்பா விரட்டிய பிள்ளை. 2017-இல் அக்கா ஹேலா வந்து அரண்மனை விதானத்து ஓவியத்தை உடைக்கிறாள். அடியில் ஓடின் நாடு பிடித்த ரத்த வரலாறு. தோர் தூக்கித் திரிந்த சுத்தியல் முதலில் அவள் கையில் இருந்தது.

28 ஆகஸ்ட்

இன்று ஜாக் கிர்பி பிறந்த நாள், 1917. புது ஃபென்டாஸ்டிக் ஃபோர் நடக்கும் பூமிக்கு 828 என்று எண் வைத்தது அவர் பிறந்த எட்டாம் மாதம் இருபத்தெட்டாம் தேதிக்காகத்தான். ஜோ சைமனும் அவரும் சேர்ந்து செய்த கேப்டன் அமெரிக்கா முதல் இதழின் அட்டையில் ஹிட்லர் முகத்தில் குத்து விழும். இதழில் போட்ட மாதம் 1941 மார்ச். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்னாலேயே.

ஒரு வாசகர், அயர்ன் மேன் காமிக்ஸிலும் ஆப்கானிஸ்தான்தான் என்று எழுதியிருந்தார். 1963-இல் அது வியட்நாம். ஹல்க் 1962-இல் அணுகுண்டு யுகத்துப் பயம்: காமா குண்டு சோதனைத் திடலில் நுழைந்துவிட்ட ரிக் ஜோன்ஸ் என்ற பையனைக் காப்பாற்றப் போய், பின்னால் ஹல்க் ஆகும் விஞ்ஞானி பேனர் அடிபடுகிறார். சினிமாவில் ரிக் இல்லை. சூப்பர் சோல்ஜர் மருந்தைத் திரும்பச் செய்யும் முயற்சி என்று மாற்றிவிட்டார்கள். ஒரு பையனைக் காப்பாற்றிய நல்ல செயல் போய்விட்டதே என்று எனக்குக் குறை உண்டு. ஆனால் அந்த மாற்றத்தால் ஹல்க், ஸ்டீவின் தூரத்துச் சொந்தக்காரன் ஆகிவிட்டான். ஒரு மருந்து, அதைத் திரும்பச் செய்ய அலைந்த பல பேர்.

31 ஆகஸ்ட்

கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து ஒரு சகோதரி மிஸ் மார்வெல் தொடரைப் பற்றி எழுதியிருக்கிறார். வீட்டில் உருது பேசுகிறவர். கமலா கான் வீட்டுச் சாப்பாட்டு மேஜைச் சண்டை தன் வீட்டுச் சண்டை மாதிரியே இருந்ததாம். அந்த ஆரிஜின் 1947 பிரிவினையில் இருக்கிறது. கராச்சிக்குப் போகும் கடைசி ரயில், கூட்டத்தில் அப்பாவைத் தவறவிட்ட குழந்தை சனா. அவளை ரயிலில் சேர்த்துவிடுவது காலம் தாண்டி வந்த பேத்தி கமலாவே. காமிக்ஸில் அவள் இன்ஹியூமன், தொடரில் மரபணு மாற்றம் என்கிறார்கள். சக்தி கொடுத்தது கையில் போட்ட வளையலா, மரபணுவா என்ற வாதத்தில் பலர் இறங்கினார்கள். அந்தச் சகோதரி கேட்டது ரயில் நிலையத்தைப் பற்றி மட்டும். நானும் அவர் பக்கம்.

6 செப்டம்பர்

ஓசூர் நண்பர் திரும்ப வந்து, "சூப்பர்மேன் பற்றிச் சொல்லவே இல்லையே" என்கிறார். அதில் ஆரிஜின் இல்லை என்று நான் நினைக்கவில்லை. பெற்றோர் அனுப்பிய செய்தியில் பாதிதான் அவனிடம் இருந்தது, அதை நம்பி வாழ்ந்தான். மீதிப் பாதியை வில்லன் லெக்ஸ் மீட்டு எடுத்தால், பூமியை ஆளச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தன் தொடக்கமே வேறு என்று தெரிந்தவன், தன்னை வளர்த்த கென்ட் வீட்டுக்கு வந்து படுத்துக் கிடக்கிறான். படத்தின் நடுவில் ஒரு முழு ஆரிஜின் இருக்கிறது.

அடுத்து நான் காத்திருப்பது ஃபென்டாஸ்டிக் ஃபோரின் எதிரி டாக்டர் டூமுக்கு. 2026 டிசம்பரில் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள், டோனியாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் முகமூடி போடுகிறார். 1964 காமிக்ஸில் டூமின் கதை வருகிறது. அவன் ஒரு இயந்திரம் செய்கிறான். கணக்கில் பிழை இருக்கிறது என்று கூடப் படிக்கும் ரீட் ரிச்சர்ட்ஸ், பின்னால் ஃபென்டாஸ்டிக் ஃபோரின் தலைவன் ஆகிறவன், எச்சரிக்கிறான். கர்வத்தில் கேட்கவில்லை, இயந்திரம் வெடித்து முகம் போகிறது, பழியை ரீட்மேல் போடுகிறான். அந்த எச்சரிக்கைக் காட்சியைப் படத்தில் வைக்க வேண்டும். டவுனி முகம் இருக்கிறதே, டோனியோடு முடிச்சுப் போட்டால் போதும் என்று ரீடை விட்டுவிட்டால் டூம் வெறும் முகமூடிதான். சண்டை ஐந்து நிமிடம் குறைந்தாலும் பரவாயில்லை, அந்த அறையில் அந்த இரண்டு மாணவர்களையும் நான் பார்க்க வேண்டும்.